புதன்கிழமைச் சாலட்

ஞாயிற்றுக்கிழமை மாலை கிண்ணத்தில் இருக்கும்போது எல்லாச் சாலட்டும் அழகுதான். கருப்பு அரிசி, ஆரஞ்சுக் கேரட், பச்சைப் பீன்ஸ், சிவப்பு மாதுளை என்று அள்ளிப் போட்டு மேலிருந்து படம் எடுத்தால் யார் செய்ததும் நன்றாகவே தெரியும். அதை வைத்து நான் யாருடைய கையையும் மெச்ச மாட்டேன். வாரத்துக்கென்று மொத்தமாகச் செய்து டப்பாக்களில் அடைத்து வைக்கும் தானியச் சாலட்டைப் புதன்கிழமை மதியம் திறந்து பார்க்க வேண்டும். சோறு விறைத்து உதிர்ந்து மணல்போல் ஆகிவிட்டதா? வெள்ளரிக்காய் விட்ட தண்ணீர் அடியில் தேங்கி நிற்கிறதா? பீட்ரூட் அக்கம்பக்கத்தாரை எல்லாம் தன் மதத்துக்கு மாற்றிவிட்டதா? மூன்றாம் நாளிலும் நிறங்கள் கலங்காமல் நின்று, தானியம் பல்லுக்கு வேலை கொடுத்தால், அந்த வீட்டில் சமைக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

புதுச்சேரியில் இந்த டப்பா இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. கடற்கரைப் பக்கத்துக் காபிக்கடைகளில் பெரிய பீங்கான் கிண்ணத்தில், பெரிய விலையில் கிடைக்கிறது. அலுவலகம் போகும் பிள்ளைகளின் பையில் கண்ணாடி டப்பாவில் கிடக்கிறது. நேற்றைக்குக் கைப்பேசி வழியாக இறங்கிய சாப்பாடு என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவ்வளவு அந்நியம் ஒன்றும் இல்லை. ஆறிப்போன தானியத்தைப் புளிப்பும் எண்ணெயும் சேர்த்துச் சாப்பிடும் பழக்கம் இந்த ஊருக்குள் மூன்று வாசல் வழியாக வந்திருக்கிறது.

முதல் வாசல் நம் வீட்டினுடையதே. திருப்பதிக்கோ வேளாங்கண்ணிக்கோ கிளம்பும் குடும்பம் முந்தின இரவே கிளறி வைத்த புளியோதரை, எலுமிச்சைச் சாதம் எல்லாம் என்னவாம்? இரண்டு நாள் தாங்க வேண்டும் என்பதற்காகவே புளியைக் கூட்டி, நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, தேங்காயைத் தவிர்த்துச் செய்யப்படும் கட்டுச்சோறு அது. கூடவே ராமநவமிக்குச் செய்கிற கோசுமல்லி இருக்கிறது: ஊறிய பாசிப்பருப்பு, துருவிய கேரட், வெள்ளரி, எலுமிச்சை, கடுகு தாளிப்பு. இந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போடத் தோன்றாமல் போனது மட்டும்தான் நம் பக்கத்துக் குறை.

இரண்டாவது வாசல் பிரெஞ்சுக்காரர்களுடையது. அவர்களுடைய அரிசிச் சாலட் விருந்துப் பண்டம் அல்ல. கோடையில் கடற்கரைக்கோ தோப்புக்கோ கிளம்பும்போது வேகவைத்து ஆறவைத்த அரிசியில் தக்காளி, சூரை மீன், அவித்த முட்டை, ஆலிவ் காய் சேர்த்து, வினிகரும் எண்ணெயும் கடுகு விழுதும் அடித்த கலவையை ஊற்றிக் கிளறிக் கட்டிக்கொண்டு போவது. அவர்களின் கட்டுச்சோறு. அந்த நாட்டு நெல் விளைவது தெற்கே, ரோன் ஆறு கடலில் சேரும் காமார்க் சமவெளியில். இரண்டாம் உலகப் போரின்போது இந்தோசீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வியட்நாமியத் தொழிலாளர்களை 1940களின் தொடக்கத்தில் அங்கே வயலில் இறக்கிய பிறகுதான் அந்தச் சாகுபடி பெருகியது. பிரான்சின் அரிசிச் சாலட்டில் வியட்நாம்காரர்களின் வியர்வை இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

அந்த வியட்நாமே நம்முடைய மூன்றாவது வாசல். பிரெஞ்சுப் பட்டாளத்திலும் நிர்வாகத்திலும் வேலைக்குச் சேர்ந்து சைகோன் போன புதுச்சேரிக்காரர்கள் ஏராளம். திரும்பி வந்த குடும்பங்களில் சிலவற்றில் அங்கே கட்டிய மனைவியும் வந்தார், அவருடைய சமையலும் வந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் ஊரைவிட்டுப் போயிற்று; சாயோ போகவில்லை. மெல்லிய அரிசித் தாளில் சுருட்டிப் பொரித்த அந்தச் சாயோவைக் கீரை இலையில் புதினாவோடு மடித்து, எலுமிச்சையும் சர்க்கரையும் மீன்சாறும் கலந்த தொட்டுக்கையில் முக்கித் தின்பார்கள். அதையே குளிர்ந்த அரிசி நூடுல்ஸ் மேல் வைத்து, பச்சை இலைகளைப் பரப்பிச் சாப்பிடும் முறையும் உண்டு. சூடும் குளிர்ச்சியும், அரிசியும் இலையும் ஒரே வாயில் இருக்கலாம் என்பதை இந்த ஊரின் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தார்) வீடுகள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன.

சரி, தானியத்துக்கு வருவோம். சாலட்டின் தலையெழுத்தை எழுதுவது அதுதான், காய்கறி அல்ல.

வெந்த சோறு குளிர்ந்தால் ஏன் விறைக்கிறது? மாவுச்சத்தில் அமைலோஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. சூட்டில் அவிழ்ந்து தண்ணீரைப் பிடித்துக்கொண்ட அதன் இழைகள், ஆறும்போது மறுபடி ஒன்றோடொன்று இறுகித் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. இந்த இறுக்கம் அறைச் சூட்டில் இருப்பதைவிட ஃபிரிட்ஜின் நாலைந்து டிகிரிக் குளிரில் வேகமாக நடக்கும். அமைலோஸ் மிகுந்த, உதிரி உதிரியாக வேகும் அரிசிதான் நம் சாம்பாருக்கு உயர்ந்தது. ஃபிரிட்ஜில் வைத்தால் அதுதான் முதலில் தோற்கும். சூடாகச் சாப்பிட நாம் கொண்டாடும் அரிசியையே சாலட்டுக்கும் எடுப்பது பாதிப் பேர் செய்யும் தவறு.

சிறுதானியங்களுக்கும் இதே கதைதான். ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து எல்லாக் கிண்ணத்திலும் சாமை. உப்புமாவில் சாமைக்கு ஈடில்லை, பொங்கலிலும் அப்படியே. குளிர்ந்த சாமை வறண்டு தொண்டையில் நிற்கிறது. அதற்குப் பத்து ஆண்டு முன்னால், 2013இல், இதே ஐ.நா. கீன்வாவுக்கு ஓர் ஆண்டை ஒதுக்கியிருந்தது. ஆண்டிஸ் மலையிலிருந்து வரும் அந்த விதையை இங்கே விற்கும் விலையைப் பார்த்து நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் நியாயம் என்று ஒன்று உண்டு. கீன்வாவின் மாவுச்சத்தில் அமைலோஸ் குறைவு. அதனால் அது ஃபிரிட்ஜில் மிருதுவாகவே கிடக்கிறது. சாலட்டுக்கென்று அது பெயர் வாங்கியதில் விளம்பரம் பாதி என்றால் குணமும் பாதி.

அதற்கு நம் மண்ணில் பதில் இருக்கிறது; அது சாமையல்ல, முழு வெள்ளைச் சோளம். இரவு முழுவதும் ஊறவைத்து, குக்கரில் நிதானமாக வேகவைத்தால் தோல் கிழியாமல், உள்ளே மிருதுவாக, கடித்தால் சின்னதாகத் துள்ளும் மணி. தோல் முழுசாக இருப்பதால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுவதில்லை. ஞாயிறன்று எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே புதனன்றும் இருக்கும். சோளத்துக்கு அடுத்த இடம் மாப்பிள்ளைச் சம்பாவுக்கு. நெல் ஜெயராமன் ஊர் ஊராகப் போய்ப் பாரம்பரிய விதைகளைச் சேர்த்துப் பரப்பியிருக்காவிட்டால் இன்று இதைக் கடையில் கேட்டு வாங்க முடியுமா என்பது சந்தேகம். சிவந்த தவிட்டுத் தோலோடு இருப்பதால் மெல்ல மெல்லச் சுவை கூடும். கருப்புக் கவுனி ஒட்டும் தன்மை உள்ளது, ஆறினாலும் கெட்டிப்படாது. செட்டிநாட்டில் அதைச் சர்க்கரையும் தேங்காயும் போட்டுத்தான் கண்டிருக்கிறோம், எலுமிச்சையோடும் அது நன்றாகப் பேசுகிறது. தனியாக ஒரு கிண்ணம் நிறைய அது திகட்டும். சோளம் மூன்று பங்குக்குக் கவுனி ஒரு பங்கு என்பது என் கணக்கு. வெள்ளை மணிகளுக்கிடையே கருப்பு மணிகள். அந்த இரண்டு நிறத்திலேயே பாதி அழகு முடிந்துவிடுகிறது.

அரிசியை மட்டும் குக்கரில் வைக்காதீர்கள். நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு, அரிசியைப் போட்டு, பதம் வந்ததும் கஞ்சியை வடித்துவிட வேண்டும். மேலே படிந்த மாவு கஞ்சியோடு போய்விடுவதால் மணிகள் ஒன்றோடொன்று அப்பாது. பிரெஞ்சு வீடுகளில் சாலட் அரிசியை வேகவைப்பதும் இப்படித்தான். குக்கர் வந்த பிறகு நாம் மறந்த வடிசோற்று முறை, அவர்களுடைய சாலட்டின் வழியாகத் திரும்பி வருவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

வடித்த கையோடு ஆறவைப்பது ஒரு கலை, அதில் விளையாட்டு கூடாது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். கொதித்தாலும் அவை சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சைச் சேர்க்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. புதுச்சேரியின் மே மாதத்தில் அடுப்படி மேடையே வெதுவெதுப்பான இடம்தான். ஆகவே அண்டாவோடு ஆறட்டும் என்று விடக்கூடாது. அகலத் தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறியின் கீழே வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் போட்டு ஃபிரிட்ஜில் தள்ளிவிட வேண்டும். பழைய சோற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்கள், அது தண்ணீரில் புளித்துத் தனக்குத் தானே அமிலக் காவல் போட்டுக்கொள்கிறது என்பதை நினைக்க வேண்டும். சாலட்டுக்கு அந்தக் காவல் கிடையாது. மூன்று நாள் என்பது என் சோம்பலுக்கு எல்லை மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் எல்லை.

சோளம் இன்னும் லேசான சூட்டில் இருக்கும்போதே நல்லெண்ணெயும் உப்பும் பிசறிவிடுங்கள், உள்ளே இறங்கும். எண்ணெய் நல்லெண்ணெயாகவே இருக்கட்டும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும், நெய்யும் உறையும். இரண்டும் ஃபிரிட்ஜிலிருந்து வெளிவரும்போது வெள்ளைத் திட்டுகளாகப் பல்லில் ஒட்டும். ஆலிவ் எண்ணெய்கூடக் குளிரில் கலங்கிக் கெட்டியாகிறது. நல்லெண்ணெய் அசைவதில்லை.

இனி நிறம். சமையலறையில் நான் மிகவும் ரசிக்கும் பாடம் இது.

காய்கறி வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்கே போங்கள். முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயரைச் சூட்டிக் குபேர் அங்காடி என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அது இன்னும் பெரிய மார்க்கெட்தான். உள்ளே ஒரு பக்கம் மலையிலிருந்து இறங்கிய இங்கிலீஷ் காய்கள்: கேரட், பீட்ரூட், பீன்ஸ், முட்டைக்கோஸ். தரையில் சாக்கு விரித்துச் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் வைத்திருப்பது நாட்டுக் காய். கொத்தவரங்காயைப் புரட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அப்படி ஒரு அக்கா, “ஏம்மா, நிறத்தப் பாத்து ஏமாறாத, ஒடச்சிப் பாரு. சத்தம் வந்தா எடு, வளைஞ்சா போட்டுடு” என்றார். எந்தச் சமையல் புத்தகமும் இதைவிட நன்றாகச் சொன்னதில்லை.

காய்களின் நிறங்களைக் குணம் பார்த்துப் பிரிக்க வேண்டும். புளிப்பு பட்டால் பொலிபவை ஒரு சாதி, புளிப்பு பட்டால் வாடுபவை இன்னொரு சாதி. ஊதா முட்டைக்கோஸ், சின்ன வெங்காயம், கருப்புக் கவுனி ஆகியவற்றின் நிறம் ஆந்தோசயனின். எலுமிச்சை பட்டதும் ஊதா சிவக்கும், மந்தமான நிறம் பளிச்சென்று ரோஜாவாகும். சோடா உப்பு பட்டாலோ நீலம் பாரிக்கும். எனவே வெங்காயத்தையும் ஊதா கோஸையும் ஞாயிற்றுக்கிழமையே எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டு ஊறவிட்டுவிடலாம். நாளாக நாளாக அழகு கூடும். கேரட், பரங்கிக்காய், மக்காச்சோளம் ஆகியவற்றின் மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டின் வகை. அவை புளிப்பைக் கண்டுகொள்வதில்லை, எண்ணெயில் மட்டும் கொஞ்சம் கரையும். பரங்கிக்காயைச் சதுரமாக வெட்டித் தோசைக்கல்லில் ஓரம் கருகும்வரை சுட்டுப் போட்டால், பெரிய கடைகளில் அடுப்பில் வாட்டிப் போடும் எந்தச் சீமைக் காயும் வேண்டாம்.

பச்சைதான் சிக்கல். பீன்ஸை இரண்டு நிமிடம் உப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் குளிர்ந்த நீரில் அள்ளிப் போட்டால் கண்ணைப் பறிக்கும் பச்சை கிடைக்கும். அதன் மேல் எலுமிச்சை பிழிந்து ஒரு ராத்திரி வைத்தால் மறுநாள் காக்கிச் சட்டை நிறம். அமிலம் பச்சையத்திலிருந்து மக்னீசியத்தை உருவிவிடுகிறது, திருப்பிக் கொடுக்க வழியில்லை. பச்சைக்குப் புளிப்பைச் சாப்பிடும் நேரத்தில்தான் காட்ட வேண்டும். அலுவலகப் பையில் அரை எலுமிச்சம்பழம் கொண்டு போவது இதற்காக.

பீட்ரூட்டைப் பற்றி என்ன சொல்ல? அதன் நிறம் ஆந்தோசயனின் அல்ல, சிவப்புத் தண்டுக்கீரையில் இருக்கும் பீட்டலைன் வகை. தண்ணீரில் கரைந்து ஓடுவதே அதன் தொழில். தோலோடு முழுதாக வேகவைத்து, ஆறிய பிறகு நறுக்கி, எண்ணெய் பிசறித் தனி டப்பாவில் வைத்தால் ஓரளவு அடங்கும். சாப்பிடும்போது மேலே வைத்துக்கொள்ளலாம். ஒரே டப்பாவில்தான் வைக்க வேண்டும் என்றால் அதைச் சேர்க்காமல் இருப்பதே மரியாதை. சங்குப்பூவை ஊறவைத்துச் சோற்றை நீலமாக்குவது இப்போது ஒரு மோஸ்தர். நீலத்துக்கு நாக்கில் ஒரு சுவையும் இல்லை. கண்ணுக்காக மட்டும் ஒரு பொருளைப் போடுவது என் ரசனைக்கு ஒத்துவரவில்லை.

சுவைக்கூட்டுக்குப் பிரெஞ்சுக் கணக்கு எண்ணெய் மூன்று பங்கு, புளிப்பு ஒரு பங்கு. கடுகு விழுது இரண்டையும் பிரியாமல் பிடித்து வைக்கும். நாம் அதே கடுகை எண்ணெயில் வெடிக்கவிட்டு வேறு வேலை வாங்குகிறோம். புதுச்சேரியில் வழங்கும் இன்னொரு வழியும் இருக்கிறது, அது தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, வெந்தயம், சீரகம், உளுந்து, கறிவேப்பிலை எல்லாம் இடித்து உருட்டி வெயிலில் காயவைத்த உருண்டை. பிரெஞ்சுச் சமையல்காரர்கள் இதைக் கொண்டுபோய் வாதுவான் என்ற பெயரில் பாரிசின் பெரிய உணவகங்கள்வரை ஏற்றிவிட்டார்கள். ஒரு தேக்கரண்டி வடகத்தை நல்லெண்ணெயில் சிவக்கப் பொரித்து, அந்த எண்ணெயோடு எலுமிச்சைச் சாறும் துளி வெல்லமும் அடித்துச் சோளத்தில் ஊற்றிப் பாருங்கள். குளிர்ந்த சாப்பாட்டில் அடுப்பின் வாசனை எழும். உப்பைச் சூட்டில் ருசி பார்த்துப் போடாதீர்கள். குளிர் நாக்கை மந்தமாக்கும். ஆறிய பிறகு பார்த்தால் இன்னும் ஒரு சிட்டிகை கேட்கும்.

மொறுமொறுப்பு கடைசி நிமிடத்து விருந்தாளி. திண்டிவனம் பக்கத்து மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுத்துத் தோல் நீக்கியோ, பண்ருட்டி முந்திரியை ஒடித்தோ சின்னப் பொட்டலமாக வைத்துக்கொண்டால் போதும். முதல் நாளே சேர்த்தால் ஈரம் ஏறி நமுத்துப்போகும். துருவிய தேங்காயும் அன்றன்றைக்குத்தான். முந்தின நாள் தேங்காய் ஃபிரிட்ஜிலும் சிக்கு வாடை காட்டும். புதினாவைக் கத்தியால் நறுக்கி வைத்தால் கறுக்கும்; இலையாகவே வைத்துக் கையால் கிள்ளிப் போட வேண்டும்.

டப்பாக்களை அடுக்கும்போதுதான் கட்டுச்சோறு கட்டிய பாட்டிமார்களின் கணக்கு தெரிகிறது. எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. திங்கட்கிழமை டப்பாவுக்கு வெள்ளரி, தக்காளி, ஊறிய பாசிப்பருப்பு. சீக்கிரம் சாகப்போகிறவை முதலில் போகட்டும். செவ்வாய்க்குப் பீன்ஸ், கொத்தவரை, அவித்த முளைப்பயறு. முளைப்பயறைப் பச்சையாக நாள்கணக்கில் வைப்பது நல்லதல்ல. புதன்கிழமைக்குச் சுட்ட பரங்கிக்காய், கேரட், ஊறிய கோஸ், வெங்காயம். நாள் தள்ளத் தள்ளச் சோளம் சுவைக்கூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் புதன்கிழமை டப்பாவுக்குச் சிறிது கூடுதலாக ஊற்றி வைப்பேன். சாப்பிடக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் எண்ணெயின் வாசனை திரும்பி வரும்.

ஆரோவில்லில் சாலிட்யூட் பண்ணை என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்த கிருஷ்ணா மெக்கென்சி, ஜப்பானிய இயற்கை விவசாயி மசனோபு ஃபுகுவோகாவின் வழியில் நடத்துவது. அங்கே மதியச் சாப்பாட்டில் வரும் சாலட்டில் பச்சைப் பப்பாளித் துருவலும் வேலியோரத்துக் கீரைகளும் இருக்கும். விதைக்காமல் தானே முளைத்த செடியைச் சாப்பிடச் சொல்லித் தமிழில் பாட்டுப் பாடுகிற மனிதர் அவர். அந்தத் தட்டைப் பார்த்த பிறகு மார்க்கெட்டில் என் கண் இங்கிலீஷ் காய்ப் பக்கம் போவது குறைந்துவிட்டது. பச்சைப் பப்பாளித் துருவல் மூன்று நாளும் நொறுங்கும் தன்மை குறையாமல் நிற்கும். நிறம் வெளிறியதுதான்; பக்கத்தில் ரோஜா நிற வெங்காயம் இருந்தால் யாருக்கு அதைப் பற்றிக் கவலை?

புதன் மதியமும் முடிந்து ஒரு கைப்பிடி சோளம் மிஞ்சினால் அதை நான்காம் நாளுக்கு இழுக்காதீர்கள். அன்று இரவே அடைமாவில் கலந்து, பெருங்காயமும் முருங்கைக்கீரையும் சேர்த்து, கல்லில் கனமாக ஊற்றி, நடுவில் குழி பறித்து எண்ணெய் விட்டு முறுகலாக எடுத்துவிடுங்கள். தொட்டுக்கொள்ள வெண்ணெயும் வெல்லமும் இருந்தால் போதும்.